அணைக்க முடியாத போன்

சமூக ஊடகத்தைக் குறைப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஓர் அறை கூடுதலாக இருக்கிறது. “இரவில் போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்” என்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் யோசனை. வட சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் கூடம்தான் படுக்கையறை. அம்மாவின் சாமி அலமாரி இருப்பதும் அங்கேதான், அண்ணன் பையன் பரீட்சைக்குப் படிப்பதும் அங்கேதான். வேறு அறை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். அடுத்த யோசனை, எழுந்து ஒரு மணி நேரத்துக்குப் போனைத் தொடாதீர்கள் என்பது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்ற தகவலே விடியற்காலையில் தெரு குரூப்பில்தான் வரும். தொடாமல் இருந்தால் குடம் காலியாக இருக்கும்.

போனைக் குறைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குறைத்திருக்கிறேன், நிம்மதி கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்து வைத்த அந்த யோசனைகள் வட சென்னையில் ஒருத்திக்கும் பொருந்தாது.

எனக்கு வேலை மண்ணடிப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். ஷிப்பிங் பில் போடுவது, கஸ்டம்ஸ் காகிதங்களை முடிப்பது, பெட்டி நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் போனதா என்று பார்ப்பது. கப்பலுக்கு ‘கட்-ஆஃப்’ என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் கன்டெய்னர் உள்ளே போகவில்லையென்றால் அந்தக் கப்பல் போனது போனதுதான். அடுத்த கப்பலுக்குப் பதிவு செய்து, ஆகிற செலவு யார் தலையில் என்று சண்டை போட வேண்டும். ட்ரெய்லரோ எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். டிரைவர் லொக்கேஷன் அனுப்புவார், சீல் நம்பரைப் படம் பிடித்து அனுப்புவார். “யக்கா, ஜீரோ கேட்டாண்ட நிறுத்திட்டாங்க, இன்னா பேப்பர்னு கேக்குறாங்க” என்று துறைமுக வாசலிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வாய்ஸ் நோட் வரும். இதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். போனை அணைத்துவிட்டு நான் தியானம் செய்ய முடியாது.

வேலையை விடுங்கள், ஊரே போனை அணைக்க விடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து, காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் படகும் வலையும் கறுத்துக் கிடந்தன. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளுகிற காட்சியைப் போனில் எடுத்துப் போட்டிருக்காவிட்டால் நகரத்தின் தெற்குப் பாதிக்கு அது தெரிய வந்திருக்க எத்தனை நாளாகியிருக்குமோ. சமூக ஊடகமே விஷம் என்று யாராவது ஒரேயடியாகச் சொல்லும்போது எனக்கு அந்த வாளிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

திருவொற்றியூர்க் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அத்தனை செல்வத்தையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தவர் என்பார்கள். அவரால் முடிந்தது. மாதச் சம்பளக்காரிக்குத் துறவு கட்டாது, கணக்குப் பார்த்துக் குறைப்பதுதான் முடியும்.

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் பிரித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தவர்கள் எனக்கு அனுப்புவது ஒரு வகை: டிரைவர், சித்தி, தெரு குரூப், பள்ளிக்கூட நட்பு. தெரியாதவர்கள் யாருக்கென்றில்லாமல் போடுவதை ஓர் இயந்திரம் பொறுக்கி என் முன்னால் தள்ளுவது இன்னொரு வகை. இரண்டும் ஒரே போனில், ஒரே கையில் இருப்பதால் ஒன்றைப் பார்க்க எடுத்து மற்றதில் போய் விழுகிறோம். முதல் வகைக்கு முடிவு உண்டு. பதில் போட்டால் வேலை தீர்ந்தது. இரண்டாவதுக்கு முடிவு இருக்கக் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். பக்கம் முடிந்ததும் ‘அடுத்தது’ என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்த காலத்தில், அந்த ஒரு நொடியில் போதும் என்று எழுந்துபோக வாய்ப்பு இருந்தது. 2006இல் ஆஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிற முறையைச் செய்தார். பிற்பாடு அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகப் பேசினார். அவர் வருந்தி என்ன, பொத்தான் திரும்பி வரவில்லை.

இன்னொரு சூட்சுமம் அதைவிடப் பழையது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுவில் புறாக்களை வைத்துப் பார்த்தார். கொத்தினால் ஒவ்வொரு முறையும் தீனி கிடைக்கும் என்றால் புறா பசிக்குக் கொத்திவிட்டு ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி, சில நேரம் கிடைத்து, பல நேரம் கிடைக்காமல் போனால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸில் ஏழு குப்பைக்குப் பிறகு எட்டாவதாக ஒன்று வாய்விட்டுச் சிரிக்க வைக்கிறதே, அது அந்தத் தீனி. எல்லாமே நன்றாக இருந்தால் ஒருவேளை நாம் சீக்கிரம் எழுந்துவிடுவோம்.

இதோடு நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் சேர்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நெட் என்பது எண்ணிச் செலவழிக்கிற பொருள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு, நேரம் முடிந்ததும் கடைக்காரர் குரல் கொடுப்பார். இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, நள்ளிரவு பன்னிரண்டுக்கு மிச்சம் காலாவதி. சிக்கனமாக வளர்ந்த வீடுகளில் இது என்ன செய்யும்? மீந்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று வயிற்றில் தள்ளுகிற மாதிரி, பதினொரு மணிக்கு மேல் மிச்ச டேட்டாவைத் தீர்க்க உட்காருகிறோம். என் அண்ணன் இதை வாய்விட்டே சொல்வார்: “காசு குடுத்துகீறேன், ஏன் உடணும்?” மன உறுதி இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது, பீடியை ஒரே நாளில் விட்டவர். ஒரு திட்டம் அவருடைய நல்ல குணத்தையே அவருக்கு எதிராகத் திருப்பியிருக்கிறது. நாள் கணக்கில் டேட்டா தராத, மாதத்துக்கு மொத்தமாகத் தருகிற பேக் ஒன்றுக்கு நான் மாறிய பிறகு, பார்க்காவிட்டால் எனக்கு மிச்சம் என்றாகிவிட்டது. நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று தடை செய்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு அழுத பிள்ளைகள் உண்டு. சந்தோஷப்பட்ட அம்மாக்கள் அதிகம். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். அந்த அம்மாக்களே இப்போது ஷார்ட்ஸ் பார்க்கிறார்கள். எனவே ஒரு செயலியின் பெயரைச் சொல்லித் திட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சமூக ஊடகம் மனதை என்ன செய்கிறது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொறாமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுத்தவர் மாலத்தீவு போன படத்தைப் பார்த்து நமக்கு ஏக்கம் வருகிறது, நம் வாழ்க்கை மட்டமாகத் தெரிகிறது என்று. இருக்கலாம். எனக்கு மாலத்தீவு மேல் ஆசையில்லை, தினமும் கடல்காற்றில்தான் துணி காயப் போடுகிறேன். என்னைப் படுத்தியது வேறு. ‘வட சென்னை’ என்று தேடினால், தேடாவிட்டாலும்கூட, வந்து நிற்கிற வீடியோக்கள். இருட்டுச் சந்து, தடதடவென்று ஒரு இசை, முறைத்துப் பார்க்கிற நாலு பையன்கள், “ஏரியா” என்று பெரிய எழுத்து. கீழே கருத்துகள். “இந்தப் பக்கம் பொண்ணு குடுக்கவே கூடாது.” “ராயபுரம் தாண்டினா பர்ஸ் இருக்காது.” நான் பதில் எழுதுவேன். நாங்கள் யார், என்ன வேலை பார்க்கிறோம், எத்தனை நர்சுகள், எத்தனை வாத்தியார்கள் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று. அவர்கள் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, ஆனால் என் கோபம்தான் அந்த வீடியோவை இன்னும் நூறு பேரிடம் கொண்டுபோகிறது என்று பிறகு புரிந்தது. கருத்து அதிகமாக வந்தால் இயந்திரத்துக்கு அது நல்ல சரக்கு.

அந்தக் கோபத்தோடு சோறு பொங்கினால் சோறு குழையும், பிள்ளையைத் திட்டினால் அதிகமாகத் திட்டுவோம். முன்பின் பார்த்திராத ஒருவன் என் தெருவைப் பற்றிச் சொன்னது, என் தெருவில் நடந்துபோகும்போது என் காதில் கேட்கிறது. தேநீர்க்கடை ஓரம் நிற்கிற பையன்களை ஒரு கணம் அந்த வீடியோக் கண்ணோடு பார்த்துவிடுகிறேன். அவர்களில் ஒருவன் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவன். எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இது என்றே நினைக்கிறேன், வீணான நேரத்தைவிட.

பையன்களுக்கும் இதில் ஒரு வேஷம் காத்திருக்கிறது. கத்தியைக் கையில் பிடித்து ரீல்ஸ் போட்டு ஸ்டேஷனுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. யாரோ எடுத்து வைத்த பிம்பத்துக்கு இவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள், அதற்கு லைக் வருகிறது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளின் வீடியோவும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது தானாக வந்து முன்னால் நிற்பதில்லை. கேரமில் 2008இல் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். காசிமா ஜெயித்த வாரம் எல்லோரும் பகிர்ந்தார்கள். அடுத்த வாரம் இயந்திரம் மறுபடி இருட்டுச் சந்துக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் இதே இயந்திரம் வேறு மாதிரி படுத்தும். “செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்க, எல்லாரும் மாடிக்குப் போங்க” என்று ஒரு குரல் பதிவு எங்கள் குரூப்பில் சுற்றும். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் போகிறது. சைதாப்பேட்டைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது. எங்களுக்குப் பார்க்க வேண்டியது பூண்டியும் புழலும். பூண்டி திறந்தால் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் ஏறும், புழல் திறந்தால் உபரிக் கால்வாய் வழியாக மணலி, சடையங்குப்பம் பக்கம் வரும், இரண்டும் எண்ணூரில் போய்க் கடலைச் சேரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மழைக்காலப் பதற்றம் பாதியாகக் குறைந்தது. ஊரில் உள்ள எல்லா ஏரியும் என் தலையில் உடைகிற மாதிரி இருந்தது முன்பு. இப்போது இரண்டு ஏரிகளின் நிலவரத்தை மட்டும் அரசு அறிவிப்பில் பார்த்துவிட்டு அரிசி, மெழுகுவத்தி வாங்கி வைக்கிறேன்.

குறைத்தால் உண்மையிலேயே நல்லதா என்று ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஹன்ட் ஆல்காட் என்ற பொருளாதார அறிஞரும் இன்னும் மூன்று பேரும், 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம், சிலருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக்கை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். 2020இல் ஆய்விதழில் முடிவு வெளியானது. நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரம் வேறு சமூக ஊடகத்துக்குப் போகவில்லை. டிவிக்கும், குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பதற்கும் போனது. மனநிலை சற்று மேம்பட்டது. ‘சற்று’ என்பதை அவர்களே சொல்கிறார்கள், அதனாலேயே எனக்கு நம்பத் தோன்றுகிறது. அரசியல் வெறுப்பின் சூடு தணிந்தது, கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் கொஞ்சம் குறைந்தது. அப்படியானால் லாபத்தோடு ஒரு செலவும் உண்டு.

அதே 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மெலிஸா ஹன்ட் குழுவினர் 143 மாணவர்களை வைத்து நடத்தி வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கம். முழுதாக விடச் சொல்லவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மூன்று வாரம். இப்படி அளந்து பார்த்தவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அதில் ஒரு வேடிக்கை, வழக்கம்போலப் பார்க்கலாம் என்று விடப்பட்டவர்களுக்கும் பதற்றம் ஓரளவு குறைந்தது. எவ்வளவு பார்க்கிறோம் என்று கணக்கு வைத்ததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். செலவுக் கணக்கு எழுதுகிற வீட்டில் செலவு குறையும் என்று என் பாட்டி சொல்வாள், அவள் பென்சில்வேனியாவுக்குப் போனதில்லை.

கல்லூரி விடுதி மாணவர்களும் காலடிப்பேட்டைக் குடும்பமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ‘விடு’ என்பதற்கும் ‘அளந்து வை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கேயும் ஒன்றுதான். இந்தியாவில் போன் பழக்கம் அளவு மீறுவதை நோயாகவே பார்த்து உதவுகிற இடமும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014இலேயே இதற்கென்று தனி கிளினிக் தொடங்கிவிட்டார்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெடுகிற அளவுக்குப் போனவர்கள் வலைப்பதிவு படித்துக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

என் ஏற்பாடு சின்னது. இன்ஸ்டாகிராம் கணக்கை மூடவில்லை, போனிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்க்கலாம், ஆனால் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் தெரு குரூப், ஆபீஸ் குரூப் தவிர மற்றதெல்லாம் சத்தமில்லாமல் ஆர்க்கைவில் கிடக்கிறது. டிரைவர்களிடம் சொல்லிவிட்டேன்: ராத்திரி பத்துக்கு மேல் அவசரமென்றால் மெசேஜ் போடாதீர்கள், கூப்பிடுங்கள். அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஸ்டியரிங் பிடித்த கையால் தட்டச்சு செய்யவா முடியும். மணி அடித்தால் எழுந்து பேசுகிறேன், அடிக்காவிட்டால் தூங்குகிறேன். போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் இருக்கும். எழுந்து நின்றுதான் எடுக்க வேண்டும், நின்றுகொண்டு யாரும் ரீல்ஸ் பார்ப்பதில்லை.

மெட்ரோவில் ஏறி மண்ணடி போகிறவரை இப்போது என் கையில் ஒன்றும் இருப்பதில்லை. முதல் கொஞ்ச நாள் கை அரித்தது. சுரங்கத்துக்குள் இறங்கினால் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும், சுவாரஸ்யமான காட்சியென்று சொல்ல மாட்டேன். சலிப்பு என்பது போகவே போகாது, பழகத்தான் வேண்டும். ஞாயிறு மதியம்தான் கடினம். காலையில் காசிமேடு போய் சங்கரா வாங்கி, கழுவி, குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு வருகிற அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. முன்பு திண்ணை இருந்தது, இப்போது அந்த இடத்தில் பைக் நிற்கிறது.

அம்மா விஷயத்தில் நான் தோற்றேன் என்று அண்ணன் சொல்கிறார், நான் ஒப்புக்கொள்வதில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வைத்தியர்கள் ஷார்ட்ஸில் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். யூடியூபில் பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவிட்டால் முகப்பு வெறுமையாகிவிடும், 2023லிருந்து அப்படி. என் போனில் செய்து வைத்திருக்கிறேன், அம்மா போனிலும் செய்தேன். சாயங்காலம் வந்ததும், “ஏன்டி, என் முருகன் பாட்டெல்லாம் எங்கடி போச்சு?” நாங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அவருக்கு அந்தப் போன்தான் துணை. அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? ஹிஸ்டரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். வைத்தியர்கள் ஒவ்வொருவரையும் ‘இந்தச் சேனல் வேண்டாம்’ என்று நானே உட்கார்ந்து விலக்கினேன், மாத்திரைப் பெட்டியையும் தினம் எண்ணிப் பார்க்கிறேன்.

அண்ணன் பையன்தான் இப்போது பேரம் பேசுகிறான். ரீல்ஸைக் குறைக்கச் சொன்னேன். “நீ சாப்ட்றப்ப போன் பாக்குற, அது மட்டும் இன்னா அத்த?” என்றான். டிரைவர் மெசேஜ் என்றேன். “அதுல பாதி குட்மார்னிங்தான், நான் பாத்துகினுதான் கீறேன்.” சரி, சாப்பிடும்போது இருவரும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் அவனுக்குக் கேரம் போர்டு வேண்டுமாம், விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குகிற சின்னது இல்லை, போட்டிக்கு ஆடுகிற முழு சைஸ். தெருமுனை கிளப்பில் பெரிய பையன்கள் இவனுக்கு போர்டு விடுவதில்லை. விலை கேட்டுப் பார்த்தேன், பவுடர், ஸ்ட்ரைக்கர், ஸ்டாண்டு எல்லாம் தனித்தனிக் காசு. பாதி நான் தருகிறேன், மீதியை உங்கப்பாவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன். சம்பளம் வரட்டும் என்றிருக்கிறார் அண்ணன்.